சிலையைக் காட்டுமுன் பொருளைக் கொடுங்கள்

புகழ்பெற்ற சிற்பி ஒருவரைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த நம் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு வழியைத்தான் பின்பற்றுகின்றன. படத்தைக் காட்டி, அதேபோல் செய்யச் சொல்வது. அனிஷ் கபூர் என்றால் சிகாகோவின் ‘கிளவுட் கேட்’ படம், கூடவே ஒரு பலூன், கொஞ்சம் அலுமினியத் தாள். பளபளப்பாக ஏதோ வந்துவிடும். ஆண்டு விழாவிலும் வைத்துவிடலாம். ஆனால் 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பே தெரியாதபடி தேய்த்து, வானத்தையும் எதிரே நிற்பவரையும் வளைத்துக் காட்டச் செய்த அந்த உழைப்பில் எதுவும் பிள்ளையின் கைக்கு வரவில்லை. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சிற்பியின் உருவத்தை நகலெடுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர் பொருளோடு நடத்திய சோதனையைத்தான் கற்றுத்தர வேண்டும்.

இதற்கு நல்ல சான்று கொச்சியில் கிடைத்தது. 2014 டிசம்பரில் தொடங்கிய இரண்டாவது கொச்சி–முசிறி பினாலே கலைக் கண்காட்சியில், ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸில் கபூரின் ‘டிசென்ஷன்’ இடம்பெற்றது. தரையில் வட்டமான பள்ளம். அதில் நீர் ஓயாமல் சுழன்று நடுவில் குழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கல்லும் வெண்கலமும் இல்லாமல், சுழலும் நீரே சிற்பம். காயலோரத்தில் வளரும் பக்கத்து மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு நீர் புதிதல்ல. ஒரு வாளித் தண்ணீரையும் குச்சியையும் அதன் கையில் கொடுத்தால் போதும். வேகமாகச் சுற்றச் சுற்ற நடுவில் குழி விழும், விளிம்பில் நீர் ஏறும், மேலே போட்ட துரும்பு குழியைச் சுற்றும். குச்சியை எடுத்ததும் எல்லாம் மெல்ல அடங்கும். அந்தக் குழியை நிலைக்கவைக்க என்ன செய்யலாம் என்று பிள்ளை கேட்டுவிட்டால், அது கபூரின் கேள்விக்கே வந்துவிட்டது. 1979 இந்தியப் பயணத்துக்குப் பின் அவர் செய்த வண்ணப்பொடிச் சிற்பங்களுக்கும் இதே வழி பொருந்தும். உருவத்தின் மேல் அப்பிய பொடி சுற்றுத்தரையிலும் சிந்திக் கிடக்கும் படைப்புகள் அவை. நறுமணப் பொருள் வணிகத்தில் வளர்ந்த ஊரில் மஞ்சள்பொடிக்கா பஞ்சம்? ஒரு பிடி பொடியை மேலிருந்து கொட்டினால் கூம்பாகும். இன்னும் கொட்டினால் உயரும், சரியும், ஆனால் சரிவின் சாய்வு ஏறக்குறைய மாறாது. இதைச் சொல்லித்தர ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டாம்.

நம் மரபே பார்த்துச் செய்வதுதானே, வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் அளவு பிசகாமல்தானே கற்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது தொழில் கற்பவருக்கான பயிற்சி. அங்கும் வார்ப்புக்கான மெழுகின் இளக்கமும் இறுக்கமும் கைக்குப் பழகாமல் அளவு உதவாது. நவீனச் சிற்பம் குழந்தைக்குப் புரியாது என்பதை நான் ஏற்கவில்லை. யானை வரைந்தால் யானைபோல் இல்லை என்று திட்டு விழும். நீர்ச்சுழிக்கு அப்படிப்பட்ட தண்டனை கிடையாது. இவற்றைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வாளியும் பொடியும் போதுமென்றால் சிற்பி எதற்கு? விளையாட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக. தான் அரை நிமிடம் செய்து பார்த்ததை ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தி, ஓர் அறையே நிறையும் அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று பிள்ளை நேரில் காண வேண்டும். கை முதலில் பழகியிருந்தால்தான் அந்த வியப்பு அதற்குச் சொந்தமாகும். வரிசையை மாற்றிப் படத்தை முதலில் காட்டினால் மிஞ்சுவது நகல்தான்.

இதற்குக் கொச்சிபோல் பினாலே நடக்கும் ஊரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். ஆசிரியர்களே, அங்கே அழைத்துப் போகுமுன் பள்ளி முற்றத்தில் நான்கு பிள்ளைகளைச் சேர்ந்து ஒரு கனமான மேசையைத் தள்ளவிடுங்கள். கால் எங்கே ஊன்றியது, முதுகு எப்படி வளைந்தது என்று அவர்களையே கேளுங்கள். சிலையைப் பிறகு காட்டுங்கள்.