காற்று தீட்டிய நிறம்

கீழடி, கொடுமணல், ஆதிச்சநல்லூர் ஆகிய மூன்று ஊர்களிலும் மண்ணுக்குள்ளிருந்து ஒரே வகைப் பானை ஓடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. உட்புறமும் வாய் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் செங்கல் சிவப்பு. இரண்டும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கோடு கிடையாது. கருப்பு மங்கிப் பழுப்பாகி, பழுப்பு மெல்லச் சிவப்பில் கரைகிறது. தூரிகை தொட்ட வேலை இப்படி இருக்காது. இந்த நிறங்களைத் தீட்டியது சூளைக்குள் இருந்த காற்றும், காற்றில்லாமையும்தான்.

சாதாரணக் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சூளையில் காற்று தாராளமாக இருந்தால் அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட் என்ற சிவப்பு ஆக்சைடாகிறது. காற்றை அடைத்துவிட்டால் விறகு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அது தனக்குப் பற்றாத ஆக்சிஜனை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜனை இழந்த இரும்பு கறுத்துவிடும். போதாததற்குப் புகைக்கரியும் மண்ணின் நுண்துளைகளில் போய்ப் படியும்.

நம் குயவர்கள் இந்த இரண்டையும் ஒரே பானையில் நடத்திக் காட்டினார்கள். ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம் இது: பானைக்குள் வைக்கோல், உமி, இலைதழை எதையாவது அடைத்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்துச் சூளையில் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே காற்றுப் புகாமல் புகை மண்டியது. வெளிப்புறத்தைச் சுற்றிக் காற்றோட்டத்தோடு தீ எரிந்தது. மண்ணும் ஒன்று, சூளையும் ஒன்று, நிறம் மட்டும் இரண்டு.

இதெல்லாம் நடப்பதற்கு முன் பானை உடையாமல் தப்பிக்க வேண்டும். நிழலில் நாள்கணக்கில் காய்ந்த பானைக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். தீயைச் சட்டென்று ஏற்றினால் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பானையை வெடிக்கச் செய்யும். ஈரம் முழுக்கப் போன பிறகும் களிமண் படிகத்தோடு பிணைந்த நீர் மிச்சம் இருக்கிறது. ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதுவும் கழன்றுவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிய மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி பிசைய முடியாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் திடீரென விரிவடைகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. சூளையைப் பிரிக்க அவசரப்பட்டால் பானை விரிசல் விடுவது இதனால்தான். வெப்பமானி இல்லாத காலத்தில் குயவர்கள் இந்த எல்லைகளையெல்லாம் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கடந்தார்கள்.

காற்றை ஆளும் கலையில் உச்சம் தொட்டவர்கள் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ் குயவர்கள் என்பேன். சிவப்புப் பானையில் கன்னங்கரேலென்று மின்னும் அவர்களுடைய ஓவியங்களில் தனியாகக் கருப்புச் சாயம் எதுவுமில்லை. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு எடுத்த மிக நுண்ணிய குழம்புதான் அவர்களின் மை. முதலில் காற்றோட்டத்தோடு சுட்டார்கள், எல்லாம் சிவந்தது. சூடு 900 டிகிரியை ஒட்டி ஏறியதும் காற்றை அடைத்தார்கள், எல்லாம் கறுத்தது. அந்தச் சூட்டில் நுண்குழம்பு மட்டும் உருகி இறுகித் தன் துளைகளை மூடிக்கொண்டது. பிறகு மறுபடி காற்றைத் திறந்தார்கள். துளைகள் திறந்திருந்த பானை உடல் ஆக்சிஜனை இழுத்துச் சிவப்புக்குத் திரும்பியது. மூடிக்கொண்ட ஓவியம் கருப்பாகவே நின்றுவிட்டது. மறைந்துபோன இந்த நுட்பத்தைத் தியோடர் ஷூமன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1942இல் விளக்கினார்.

ஏதென்ஸ் பானையின் பளபளப்பும், கூழாங்கல்லால் தேய்த்து வரவழைத்த நம் பானையின் மெருகும் கண்ணாடிப் பூச்சு ஆகா. கண்ணாடிப் பூச்சுக்கு மணலின் சிலிக்கா உருக வேண்டும். அது தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; அவ்வளவு சூடு சூளையில் கிடைக்காது. சாம்பல், சோடா, சுண்ணாம்பு, ஈயம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் வெகு முன்னதாகவே உருகும். இந்தப் பூச்சிலும் காற்றின் ஆட்சி தொடர்கிறது. துளி இரும்பு சேர்த்துக் காற்றைக் குறைத்துச் சுட்டதில் பிறந்ததுதான் சீனாவின் செலடான் பச்சை. செம்பு கலந்த பூச்சோ காற்றோடு சுட்டால் பச்சையாகும், காற்றை ஒடுக்கினால் இரத்தச் சிவப்பாகும்.

உருக்கும் சரக்குகளில் ஈயம் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும், பளபளப்பும் கூட்டும். அதனால் குயவர்கள் பல நாடுகளில் அதை விரும்பினார்கள். ஆனால் ஈயப் பூச்சு சரியாக வேகாவிட்டால் புளிப்புப் பட்டதும் ஈயம் உணவில் இறங்கும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. பளபளக்கும் மண் சட்டி வாங்கும்போது பூச்சில் ஈயம் உண்டா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அதில் புளிக்குழம்பும் ஊறுகாயும் வைக்க வேண்டாம்.