“என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்காத ஓட்டல்!

ஓட்டலுக்குப் போகிறோம். நாற்காலியில் உட்காருகிறோம். “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று சர்வர் கேட்கிறார். “இட்லி, வடை, பொங்கல், தோசை” என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். நாம் யோசித்து ஒன்றைச் சொல்கிறோம். எந்த ஊரிலும் இதுதான் வழக்கம்.

தென் அமெரிக்காவில் ஓர் ஓட்டல் இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியே கிடையாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதாவது உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வருவதைச் சாப்பிட வேண்டியதுதான். ஒன்றன்பின் ஒன்றாக 12 வகை வரும். சில சமயம் 14 வகையும் வரும். அடுத்தது என்ன என்று விருந்தாளிக்குத் தெரியாது.

பெரு நாட்டின் தலைநகரம் லிமா. கடற்கரைப் பட்டணம். அதில் பர்ராங்கோ என்ற பகுதியில் இந்த ஓட்டல் இருக்கிறது. பெயர் “சென்ட்ரல்”. 2023-ம் ஆண்டில், உலகத்தின் தலைசிறந்த 50 ஓட்டல்கள் என்று வெளியான பட்டியலில் இதற்கு முதல் இடம் கிடைத்தது. தென் அமெரிக்க ஓட்டல் ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பல தேசத்துப் பிரயாணிகள் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொண்டு விமானம் ஏறுகிறார்கள்.

சாதாரணமாக ஓட்டல் அட்டையில் பலகாரத்தின் பெயருக்கு எதிரே விலை இருக்கும். இங்கே உயரம் இருக்கிறது!

கடல் முதல் மலை வரை

பெரு ஒரு விசித்திரமான நாடு. மேற்கே பசிபிக் கடல். கரையோரம் பெரும்பாலும் பாலைவனம். லிமாவில் மழை பெய்வதே அபூர்வம். அங்கிருந்து கிழக்கே மோட்டாரில் புறப்பட்டால், ஒரே பகலில் ஆண்டீஸ் மலையின் கணவாயை எட்டிவிடலாம். அந்தக் கணவாயின் உயரம் 4,800 மீட்டருக்கு மேல். நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மலையைத் தாண்டி இறங்கினால் அமேசான் காடு.

ஒவ்வொரு உயரத்திலும் ஒரு வெயில், ஒரு குளிர், ஒரு பயிர். அந்த உயரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டில் வருவதெல்லாம் ஒரே உயரத்தில் விளைந்தவை. வரிசை மட்டும் ஒழுங்காக இராது. கடலுக்கு அடியிலிருந்து மலைக்கு ஏறும். அங்கிருந்து காட்டுக்கு இறங்கும். மறுபடியும் கடலுக்குப் போகும்.

கடலுக்குக் கீழே பத்து மீட்டர் என்று ஒரு தட்டு. அதில் சிப்பியும் பாசியும் இருக்கும். அடுத்து ஆற்றுப் பிரானா மீன். கூரிய பற்கள் உள்ள மீன் அது. அதன் தோலை மொரமொரப்பாக வறுத்து, வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் மீன் தலைகளின் மேலேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் பார்த்தால் அலறிவிடும். பெரியவர்களும் கொஞ்சம் தயங்கித்தான் கையை நீட்டுவார்கள்.

பிறகு, 4,000 மீட்டர் உயரத்து ஏரிகளிலிருந்து “குஷுரோ”. பார்ப்பதற்கு வெந்த ஜவ்வரிசி மாதிரி, பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக இருக்கும். உண்மையில் அது தண்ணீரில் தானாக வளரும் ஒரு பாசி. மலை ஜனங்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டு வருவது. தின்னக்கூடிய ஒரு வகைக் களிமண்கூட உண்டு! உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொள்ள மலைவாசிகள் அதைத்தான் குழைத்து வைத்துக்கொள்வார்கள்.

தட்டு என்றால் எப்போதும் பீங்கான் தட்டு அல்ல. கல்லில் வரும், மரத்தில் வரும். சமைத்த பண்டத்தோடு, அதன் மூலப் பொருளையும் சமைக்காமல் கொண்டுவந்து காட்டுவார்கள். தட்டில் இருப்பது சில வாய்தான். பசியோடு போகிறவர்கள் முதல் மூன்று தட்டு வரையில் ஏமாந்த மாதிரி இருப்பார்கள். பத்தாவது தட்டில் இடுப்பு வாரைத் தளர்த்துவார்கள்.

பனியில் போடும் வற்றல்

வந்ததில் மிகவும் அதிசயமானது பிரானா அல்ல, உருளைக்கிழங்குதான்.

உருளைக்கிழங்கு இந்த மலைகளில் பிறந்தது. இங்கிருந்துதான் உலகம் முழுவதும் போயிற்று. நாம் ஒன்றிரண்டு வகையைத்தான் பார்த்திருக்கிறோம். ஆண்டீஸ் மலைகளில் 3,000 வகைக்கு மேல் உண்டு. கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று பல நிறம். சில வகைகளில் தோலுரிக்கப் போகும் பெண்ணுக்கு அழுகை வந்துவிடும். அவ்வளவு மேடு பள்ளம்.

அதை அவர்கள் வற்றல் போடும் முறையைக் கேளுங்கள். நமக்கு வற்றல் போட வெயில் போதும். அவர்களுக்குப் பனியும் வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே கடுங்குளிர். சிறிய கிழங்குகளைப் புல்தரையில் பரப்பி, இரவில் விட்டுவிடுவார்கள். கிழங்கு கல்லாக உறைந்துவிடும். காலையில் வெயில் பட்டதும் இளகும். இப்படிச் சில நாள். பிறகு குடும்பத்தோடு நின்று வெறுங்காலால் மிதிப்பார்கள். தண்ணீரும் தோலும் வெளியே வந்துவிடும். மறுபடியும் காய வைத்தால் தக்கை மாதிரி ஆகிவிடும். இதற்குச் “சுன்யோ” என்று பெயர். பல வருஷம் கெடாது. விளைச்சல் பொய்த்த காலத்தில் உயிரைக் காப்பது இதுதான். இன்கா ராஜாக்கள் காலத்தில் களஞ்சியங்களில் இதைச் சேர்த்து வைத்தார்கள்.

நம் சமையலறைக்கும் அந்த நாட்டுப் பக்கத்துக்கும் ஒரு பழைய கடன் உண்டு. உருளைக்கிழங்கு மட்டும் அல்ல. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அதுவரையில் நம் ஊரில் காரத்துக்கு மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகின் பெயரையே வைத்து, நம்மவர் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

மலையை மறந்த நகரம்

ஓட்டலை நடத்துகிறவர் விர்ஹிலியோ மார்ட்டினெஸ். லிமாவில் 1977-ல் பிறந்தவர். சட்டம் படித்தார், பிடிக்கவில்லை. சக்கரப் பலகையில் சறுக்கி ஓடும் வீரர் ஆக ஆசைப்பட்டார். எலும்பு முறிந்தது. பிறகுதான் கரண்டி பிடித்தார். அவர் மனைவி பியா லியோனும் புகழ் பெற்ற சமையல் கலைஞர். சென்ட்ரல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்று அதே கட்டடத்தில் சொந்தமாக ஓர் ஓட்டல் நடத்துகிறார்.

ஆரம்பத்தில் மார்ட்டினெஸும் ஐரோப்பியப் பாணியில்தான் சமைத்தார். சொந்த நாட்டு மலை அவருக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் அல்ல. அந்தத் தலைமுறையில் லிமாவாசிகள் பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் இருந்தது.

1980 முதல் 2000 வரை பெருவில் உள்நாட்டுச் சண்டை. ஒரு பக்கம் புரட்சிக் கும்பல்கள், மறு பக்கம் ராணுவம். நடுவில் மலை ஜனங்கள். மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் ஏறத்தாழ 69,000 பேர் என்று, பின்னால் ஏற்பட்ட விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது. நாலு பேரில் மூன்று பேர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைப் பேசியவர்கள். லிமாக்காரர்கள் மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தப்பி வந்த மலைவாசிகளோ லிமாவில் ஏளனத்துக்கு ஆளானார்கள். அவர்களுடைய பேச்சும் உடையும் சாப்பாடும் கேலிப் பொருள்கள்.

அந்தச் சாப்பாடுதான் இன்று கல் தட்டில் ஏறி, வெளிநாட்டுப் பிரயாணியின் முன்னால் வந்து உட்காருகிறது.

மார்ட்டினெஸின் சகோதரி மலேனா ஓர் ஆராய்ச்சிக் குழுவை நடத்துகிறார். அந்தக் குழு மலைக்கும் காட்டுக்கும் போகிறது. அங்குள்ளவர்கள் என்ன விளைவிக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறது. 2018-ல் மோரே என்ற இடத்தில், 3,500 மீட்டர் உயரத்தில், “மில்” என்று இன்னோர் ஓட்டலையும் திறந்தார்கள். பக்கத்திலேயே இன்கா காலத்து வட்டமான படிக்கட்டு வயல்கள். இரண்டு கிராமத்து விவசாயிகளோடு சேர்ந்து அங்கே பயிர் செய்கிறார்கள். விளைச்சலில் கிராமத்தாருக்கும் பங்கு உண்டு. யாரும் வாங்காததால் பயிரிடுவது நின்றுபோகும் கிழங்குகளுக்கு இதனால் ஒரு வழி பிறந்திருக்கிறது.

முழு வழி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஓட்டல் எத்தனை மூட்டை வாங்கிவிடும்? சென்ட்ரலில் ஒருவருக்கு ஆகும் செலவு, அந்த நாட்டுத் தொழிலாளியின் பல நாள் கூலி. கிழங்கை விளைவித்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவது நடக்கிற காரியம் அல்ல. இதைப் பெருவிலேயே பலர் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான்.

கடைசித் தட்டு அமேசான் பக்கத்தது. கொக்கோப் பழம். சாக்லேட் செய்யும் கொட்டையை மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையையும் கொடுக்கிறார்கள். புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது. விருந்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

மலை மேல் அறுவடை நாளன்று வேறு விருந்து நடக்கும். கிழங்கு தோண்டிய வயலிலேயே மண்கட்டிகளை அடுக்கிச் சின்னக் கோபுரம் மாதிரி அடுப்புக் கட்டுவார்கள். உள்ளே தீ மூட்டுவார்கள். கட்டிகள் பழுக்கக் காய்ந்ததும் கிழங்கை உள்ளே போட்டு, அடுப்பை இடித்து அதன் மேலேயே சரித்துவிடுவார்கள். வெந்ததும் மண்ணைக் கிளறி எடுத்து, கையில் வைத்து ஊதி ஊதித் தின்பார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல்.