கோப்பைக்குள் வராத களப்பு

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிகள் வரிசையாக வரும். பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறினால் களப்புக் காற்று முகத்தில் அடிக்கும். காலை வேளையில் ஒரு பக்கம் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். மறுபக்கம் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஊரின் பெயரிலேயே பனிச்சை மரம் இருக்கிறது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாயத்தில் வலையைத் தோய்த்தால் நூல் சீக்கிரம் உக்காது. நைலோன் வலை வருவதற்கு முந்திய மீனவர்களின் கைமருந்து அது.

இப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் என்ன சாப்பாடு கிடைக்கிறது? இதைக் கேட்கப்போனால் ஜப்பான், பின்லாந்து, பிரேசில் என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

முதலில் நேரத்தைச் சொல்லவேண்டும். நாம் 'மதிய உணவு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இலங்கைப் பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. அதனால் இலவச உணவு பெரும்பாலும் காலையிலேயே பரிமாறப்படுகிறது. அதுதான் சரியும்கூட. இரவுத் தொழிலுக்குப் போன தகப்பன் கரைக்கு வருமுன்பே பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். வயிற்றில் ஒரு பிளேன்ரீ இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வெறும் வயிற்றுக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கோப்பையில் விழுவது சோறு, பருப்பு, ஏதோ ஒரு கீரைச் சுண்டல். (தமிழ்நாட்டு வாசகர்கள் கடலையை நினைத்துவிடக் கூடாது. இங்கே சுண்டல் என்றால் அரிந்த கீரையைத் தேங்காய்ப்பூ போட்டு வதக்குவது.) சில நாள் முட்டை, சில நாள் நெத்தலி, சில நாள் சோயா, சில நாள் அவித்த கடலையோ கௌபியோ. சமைப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர் அம்மாமார்.

இந்தக் கோப்பைக்கு நீண்ட கதை உண்டு. அறுபது வயதைத் தாண்டிய எவரிடமும் பாடசாலைச் சாப்பாடு பற்றிக் கேளுங்கள். உடனே வரும் பதில் 'பணிஸ்'. கெயர் என்ற உதவி நிறுவனத்தின் வழியாக வந்த அமெரிக்க மாவில் சுட்ட பணிஸ், அதே வழியில் வந்த பால்மாவைக் கரைத்த பால், பிறகு பிஸ்கட். வரிசையில் நின்று வாங்கிய அந்தப் பணிஸின் வாசத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அமெரிக்காவில் மிஞ்சிய கோதுமைதான் கிழக்கிலங்கைப் பிள்ளையின் கையில் பணிஸாக இருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

இதே கதை ஜப்பானுக்கும் உண்டு. 1889இல் யமகத்தா மாகாணத்துச் சுருஒக்கா ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்காகப் புத்த துறவிகள் நடத்திய பாடசாலையில் சோற்று உருண்டையும் சுட்ட உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். அந்நாட்டுப் பாடசாலை உணவின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். உலகப் போரில் தோற்றபின் அங்கேயும் அமெரிக்க மாவும் பால்மாவும் வந்திறங்கின. சோறு தின்னும் நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் பாண் தின்றார்கள். 1954இல் பாடசாலை உணவுக்குத் தனிச் சட்டம் வந்த பிறகும் பாண்தான். சோறு அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது 1976இல். இன்றைக்கு அங்கே மாணவர்களே வெள்ளை மேலங்கி போட்டுச் சகமாணவருக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே உணவை உண்கிறார். அந்தந்த ஊரில் விளைவதையும் பிடிபடுவதையும் தட்டில் சேர்ப்பது பாடத்தின் பகுதி.

பின்லாந்து 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று சட்டம் செய்தது. 1948இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கஞ்சியும் சூப்பும்தான் தொடக்கம். பிள்ளைகளே காட்டில் பழம் பொறுக்கிப் பாடசாலைச் சமையலறைக்குக் கொண்டுவந்த காலம் அது. பிரேசில் வேறொரு வழியில் போனது. பாடசாலை உணவுக்கான மத்திய அரசுப் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் கொள்வனவு செய்யச் செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டமே செய்துவிட்டது. பிள்ளைக்குப் போகும் சோறு பக்கத்துத் தோட்டக்காரனின் அடுப்பையும் எரியவைக்கிறது.

தமிழ்நாட்டுக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயச் செட்டியார், 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பின்னர் முட்டை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நாம் மேலே பார்த்த அதே வெறும் வயிற்றுக்குச் சொன்ன பதில்.

பனிச்சங்கேணி இருக்கும் வாகரைப் பக்கத்துக் கோப்பை இவ்வளவு நேராக நிரம்பிவரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இன் பிற்பகுதியிலும் 2007 தொடக்கத்திலும் யுத்தம் ஊரையே பெயர்த்தெடுத்தது. அந்தக் காலத்தில் வடக்குக் கிழக்கின் பல பாடசாலைகளில் அடுப்பு எரிந்தது உலக உணவுத் திட்டத்தின் அரிசியிலும் பருப்பிலும்தான். 2011இல் ஜப்பான் கரையைச் சுனாமி அழித்தது. அழிந்த அந்தப் பகுதிகளின் மீனை ரின்னில் அடைத்து ஜப்பான் அரசு வாங்கி, உலக உணவுத் திட்டத்தின் வழியாக இலங்கை உட்படச் சில நாடுகளின் பாடசாலைகளுக்கு அனுப்பியது. ஒரு கடல் அடித்த ஊர் இன்னொரு கடல் அடித்த நாட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டியது. அதேநேரம் ஜப்பான் அரசு தன் மீனவனுக்கும் அதே ரின்னால் கைகொடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, பாடசாலை உணவுக்கு ஒதுக்கிய காசில் பருப்பே தண்ணீராகிவிட்டது. 2024 மார்ச் 25 முதல் ஆரம்பப் பிரிவின் எல்லாப் பிள்ளைகளுக்கும், சுமார் 16 இலட்சம் பேருக்கு, உணவு என்று அரசு விரிவாக்கியது. நல்ல செய்தி. ஆனால் சமைத்துக் கொடுப்பவர்களுக்குக் காசு பிந்தி வருகிறது என்ற முறைப்பாடு நாட்டின் பல பக்கமும் கேட்டிருக்கிறது. கடையில் கடன் சொல்லிப் பருப்பு வாங்கும் அம்மாதான் பல நாள் அரசுக்குக் கடன் கொடுக்கிறாள்.

அந்தப் பருப்பு எங்கிருந்து வருகிறது? பெயர் மைசூர்ப் பருப்பு. விளைவது பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும். இலங்கைக் களப்புகளில் பிடிபடும் நண்டோ கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானமேறி, சிங்கப்பூர் உணவகங்களில் 'சிறீலங்கா கிராப்' என்ற பெயரோடு பெரிய விலைக்குப் போகிறது. பருப்பு கடல் தாண்டி வந்து பிள்ளையின் கோப்பையில் விழுகிறது. நண்டு கடல் தாண்டிப் போகிறது.

நண்டைப் பிள்ளைக்குக் கொடு என்று யாரும் கேட்கவில்லை; அதை விற்ற காசில்தான் அந்த வீட்டுக் கொப்பி வாங்கவேண்டும். ஆனால் சின்ன மீனும் கூனி இறாலும் இருக்கின்றனவே. வேலியில் முருங்கை நிற்கிறது. கூனி போட்ட முருங்கையிலைச் சுண்டல், மீனாணம், சோறு: எந்த வீட்டு அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சமையல் இது. வாரத்தில் ஒரு நாளாவது ஊர் மீனவர் சங்கத்திடமே மீன் வாங்கலாம், வாங்கிய கையோடு காசு கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தால் போதும். பிரேசில் சட்டத்தால் செய்ததை நாம் ஒரு சுற்றறிக்கையால் தொடங்கலாம்.

பாலத்தடியில் தூண்டில் போடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, தண்ணீருக்குள் ஒரு மின்னல் தெரிந்தால் அது என்ன மீன் என்று சொல்லத் தெரியும். பாடசாலையில் அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது சோயா.