பால்கனியில் ஒரு மலைத் தோட்டம்

காய்கறிக் கடைக்காரரிடம் போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள். கூடைகளை அவர் இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருப்பார். கத்தரி, வெண்டை, அவரை, புடலை இவையெல்லாம் "நாட்டுக் காய்." கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல் இவையெல்லாம் "இங்கிலீஷ் காய்." நம் மலைகளில் வந்து குடியேறி ஏறக்குறைய 200 வருஷம் ஆகியும் அவற்றுக்கு இன்னும் பிரஜா உரிமை கிடைத்தபாடில்லை. ஆசாரமான சில வீடுகளில் திவசத்தன்று இன்றைக்கும் இவற்றை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை.

இந்த இங்கிலீஷ் காய்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்க ஆசைப்பட்டுத் தோற்றுப்போன குடும்பத் தலைவிகள் அநேகம் பேர். தொட்டி வாங்கி, விதை வாங்கி, மாடிக்கு மண் சுமந்து, மூன்று மாதம் கண்ணும் கருத்துமாகத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஆவலோடு பிடுங்கிப் பார்த்தால், கேரட் இருக்க வேண்டிய இடத்தில் எலிவால் மாதிரி ஒரு வேர்! "உனக்குக் கைராசி இல்லையடி, அம்மா!" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். தொட்டி பரணுக்குப் போய்விடுகிறது. அந்த அம்மாளும் அதற்குப் பிறகு ஒரு துளசியைக்கூடப் பயந்து கொண்டேதான் நடுகிறார்.

கைராசியின்மேல் பழி போடுவதற்கு முன்னால், வாருங்கள், ஒரு நடை கரடியூர் வரைக்கும் போய் வருவோம்.

ஐயாயிரம் அடி உயரத்தில்

சேலத்திலிருந்து புறப்பட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அதை ஒட்டி, சேர்வராயன் மலையில் உள்ள கிராமங்களில் ஒன்று கரடியூர். பெயரில்தான் கரடி, கண்ணுக்குத் தெரிவது காபிச் செடிகளும், அவற்றுக்குக் குடை பிடிக்கும் சில்வர் ஓக் மரங்களும், அந்த மரங்களைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகளுமே.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இந்த மலைக்குக் காபியையும் மேனாட்டுப் பழ மரங்களையும் கொண்டுவந்தார். அதே காலத்தில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். இன்று லட்சக்கணக்கான ஜனங்கள் பூப் பார்க்கப் போகிறார்களே, உதகமண்டலம் தாவரவியல் பூங்கா, அதன் பூர்வாசிரமம் என்ன தெரியுமா? காய்கறித் தோட்டம்! 1840-களில் அங்கே வசித்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் சமையலுக்காக நடத்திய தோட்டம் அது. 1848-இல் மக்கைவர் என்ற நிபுணர் கியூ தோட்டத்திலிருந்து வந்த பிறகுதான் அது பூங்காவாக வளர்ந்தது.

அந்தத் துரைமார்கள் எல்லாரும் பெரிய கைராசிக்காரர்களா? இல்லை. சென்னையிலும் சேலத்திலும் வராத காய் மலையில் வந்ததற்குக் காரணம் சாதாரணக் கணக்குத்தான். ஆயிரம் அடி மேலே ஏறினால் உஷ்ணம் சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு குறையும். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 அடி. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. ஆகவே கீழே வியர்த்துக் கொட்டும்போது மேலே 8 டிகிரி குறைவாக இருக்கிறது. கேரட்டுக்கு நல்ல கிழங்கு கட்ட வேண்டுமானால் 15 முதல் 20 டிகிரி வரை போதும். 25-ஐத் தாண்டிவிட்டால் கிழங்கு குட்டையாகவும் வெளிறியும் போய்விடும்.

இதில் முக்கியம் பகல் அல்ல, இரவு. செடி பகலில் வெயிலை வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சம்பாதிக்கிறது. இரவில் மூச்சு விடுவதற்காக அந்தச் சம்பாத்தியத்திலிருந்து செலவழிக்கிறது. இரவு புழுக்கமாக இருந்தால் செலவு அதிகம்; குளிர்ச்சியாக இருந்தால் செலவு குறைவு. மிச்சம் பிடித்ததுதான் கிழங்கிலே சேருகிறது. மாதக் கடைசியில் கையில் நாலு காசு நிற்கிறதா என்பதைத்தானே நாமும் பார்க்கிறோம்? கேரட்டின் குடும்பக் கணக்கும் அதேதான்.

மலையிலும் உண்டு தொல்லை

"அப்படியானால் கரடியூர்க்காரர்கள் பாக்கியசாலிகள், விதையைப் போட்டால் போதும்" என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் தரை சரிவானது. மேல்மண் மழையோடு இறங்கிவிடும். குரங்குகள் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டுப் போகும். சில சமயம் காட்டெருமைகளும் தோட்டத்தில் புகுந்துவிடும். வீட்டு முகப்பில், கம்பி வலை போட்ட தாழ்வாரத்தில், தொட்டியில் வளர்ப்பது அங்கேயும் புத்திசாலித்தனமான காரியம்.

ஆனால் மலைத் தொட்டிக்கு எதிரி வெயில் அல்ல, ஈரம். மழை மாதங்களிலும் மூடுபனி நாட்களிலும் மண் காயவே காயாது. நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். ஆகவே அங்கே தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்; அடியில் துவாரங்கள் தாராளமாக இருக்க வேண்டும்; விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட வேண்டும். உரத்துக்குக் குறைவில்லை. சில்வர் ஓக் சருகு மட்கினால் அருமையான இலை உரம். காபிப் பழத்தை உரித்த தோலும் நல்லதுதான். ஆனால் அதை நன்றாக மட்க வைத்த பிறகே தொட்டியில் போடலாம். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

சமவெளிக்கு மலை வரும் மாதங்கள்

சரி, கரடியூரில் வீடு இல்லாதவர்கள் என்ன செய்வது? பால்கனியை 4,000 அடி உயர்த்த எந்த இன்ஜினியராலும் முடியாது. ஆனால் மலையே இறங்கி நம்மிடம் வரும் மாதங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி, தை! மார்கழி இரவுகளில் சேலம், கோவை, தருமபுரிப் பக்கங்களில் உஷ்ணம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. சென்னையில் அவ்வளவு இறங்காவிட்டாலும், வருஷத்தில் அதைவிட நல்ல காலம் கிடையாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நாட்டுக் காய்களுக்கு. இங்கிலீஷ் காய்களுக்கு ஐப்பசிப் பட்டம். ஐப்பசி நடுவில் விதைத்தால் கேரட் தை மாதக் கடைசியில் கைக்கு வரும். வெளியே கொட்டும் அடைமழை நாற்றை நசுக்கிவிடுமே என்றால், பால்கனிக்குத்தான் மேலே கூரை இருக்கிறதே! தரைத் தோட்டத்துக்கு இல்லாத சௌகரியம் இது.

எந்தத் திசைப் பால்கனி? மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறான். ஆகையால் தெற்குப் பார்த்த பால்கனியில் வெயில் உள்ளே வரை வந்து விழும். வடக்குப் பார்த்ததில் அநேகமாக விழாது. கிழக்குப் பால்கனியில் இளவெயில் கிடைக்கும். கிழங்குக் காய்களுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. மூன்று நான்கு மணிதான் கிடைக்கிறது என்றால் கீரை, கொத்துமல்லி, வெந்தயத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். மேற்குப் பால்கனிக்காரர்கள் பிற்பகலில் ஒரு பழைய புடைவையைத் திரையாகக் கட்டுவது நலம்.

வேருக்கும் ஒரு பானை

தரையில் வளரும் செடிக்கு வேர் எப்போதும் குளிர்ச்சியில் இருக்கும். தொட்டிச் செடிக்கோ நாலு பக்கமும் வெயில். கறுப்புப் பிளாஸ்டிக் வாளியை நடுப்பகல் வெயிலில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாது. அதற்குள்ளே வேரின் கதி என்ன? அதனால்தான் செடி வளர்க்கும் பைகளை வெளியே வெள்ளையாகச் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் உத்தமம் சுட்ட மண் தொட்டி. குடிதண்ணீர்ப் பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ, அப்படியே அது வேரையும் குளிர வைக்கும். தயவு செய்து அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். பானையின் மூச்சு அடைபட்டுவிடும். பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கிறதென்றால், அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈரத் தென்னை நார் அடைத்துவிடுங்கள். மண்ணின்மேல் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். தண்ணீரைக் காலை வேளையில் ஊற்றுங்கள். உங்கள் பால்கனிக்குள் கரடியூரைக் கொண்டுவரும் ரகசியம் இவ்வளவே.

மண் கலவைக்கு: தோட்ட மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க் கழிவில் உப்பு இருக்கும்; இரண்டு தடவை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்கவும். தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மாடித் தோட்டப் பொருள்களை மானிய விலையில் கொடுத்தபோது, அதிலும் நார்க் கழிவுக்கே முக்கிய ஸ்தானம். காரணம், கனம் குறைவு.

கனம் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டால் 30 கிலோ வரை வரும். பத்துத் தொட்டி என்றால், நாலைந்து பெரிய மனிதர்கள் பால்கனியில் இரவு பகலாக நிற்பதற்குச் சமம்! ஆகவே கலவையைக் கனமில்லாமல் செய்யுங்கள். தொட்டிகளைக் கைப்பிடி ஓரத்தில் அடுக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள். அடியில் தட்டு வைக்கவும் மறக்காதீர்கள். கீழ் வீட்டு மாமி உலர்த்திய வடாகத்தின்மேல் செம்மண் நீர் சொட்டினால், அப்புறம் கேரட் கொடுத்துச் சமாதானம் செய்ய முடியாது.

எதை முதலில் விதைப்பது?

முதல் வருஷம் முள்ளங்கியிலிருந்து ஆரம்பியுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும்; 45 நாளில் சாம்பாருக்குத் தயார். 'புசா சேத்கி' போன்ற வெப்பம் தாங்கும் ரகம் நம் ஊர்களுக்கு ஏற்றது. கூடவே ஒரு அகலத் தொட்டியில் கொத்துமல்லியும் வெந்தயமும் தூவிவிடுங்கள். கோடையில் பூத்தண்டு விட்டு ஓடிவிடும் கொத்துமல்லி, மார்கழியில் எவ்வளவு நிதானமாகத் தழைக்கிறது என்பதைப் பார்த்தாலே பருவத்தின் மகிமை புரிந்துவிடும்.

அடுத்தது நூல்கோல். நாற்று விட்டு, தொட்டிக்கு இரண்டாக நடலாம். பீட்ரூட்டில் ஒரு வேடிக்கை: நாம் விதை என்று நினைப்பது பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒன்று போட்ட இடத்தில் மூன்று முளைக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும்.

கேரட்டுக்கு ஓர் அடி ஆழமுள்ள தொட்டி அவசியம். மண்ணைச் சலித்துக் கல் நீக்குங்கள். கல் தடுத்தால் கிழங்கு இரண்டு காலாகப் பிரிந்துவிடும். நாற்றுப் பிடுங்கி நட்டாலும் அதே கதிதான். விதைத்த இடத்திலேயே வளரட்டும். முளைக்க 10 முதல் 20 நாள் ஆகலாம். அதுவரை மேல் மண் காயாமல் ஒரு ஈரச் சாக்கை மூடி வைத்து, முளை தெரிந்தவுடன் எடுத்துவிடுங்கள். பிறகு, மூன்று அங்குலத்துக்கு ஒரு செடி நிற்கும்படி மற்றவற்றைக் கலைத்துவிட வேண்டும். இங்கேதான் பலருக்கு மனம் வராது. "முளைத்த உயிரைப் பிடுங்குவதா?" என்று எல்லாவற்றையும் விட்டுவைப்பார்கள். முடிவில் ஒன்றுமே தேறாது. எலிவால் கேரட்டுக்கு உஷ்ணத்துக்கு அடுத்தபடியான காரணம் இந்த இரக்கம்தான்!

முட்டைக்கோஸும் காலிபிளவரும் இரண்டாம் வருஷத்துக்கு இருக்கட்டும். தொட்டிக்கு ஒரு செடிதான் நிற்கும். குளிர் போதாவிட்டால் கட்டாது. காலிபிளவர் இந்தியாவுக்கு வந்தது 1822-இல், சகாரன்பூர்த் தோட்டத்துக்கு. அதன் சந்ததி வெப்பத்தைத் தாங்கப் பழக எத்தனையோ தலைமுறை ஆயிற்று. நமக்கு மட்டும் அவசரம் எதற்கு? அசுவினி ஒட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

லாபம் என்ன?

காசுக் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஓர் அடித் தொட்டியில் எட்டுப் பத்துக் கேரட் கிடைக்கும், பீட்ரூட் நாலைந்து. கடையில் வாங்கினால் ஒரு வேளைப் பொரியல். ஆனால், மண்ணிலிருந்து பிடுங்கிக் கழுவிய கையோடு ஒரு கேரட்டைக் குழந்தையிடம் கடிக்கக் கொடுங்கள். கூட்டில் போட்டால் ஒதுக்கி வைக்கிற பிள்ளை, "இன்னொன்று பிடுங்கட்டுமா, அம்மா?" என்று கேட்கும். அந்த லாபத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

மாசி பிறந்து இரவுகள் புழுங்க ஆரம்பித்ததும் தொட்டிகளைக் காலி செய்துவிட்டு, கத்தரி, வெண்டை, தண்டுக்கீரைக்கு இடம் கொடுங்கள். அவை நம் வெயிலின் குழந்தைகள். இங்கிலீஷ் காய்கள் விடுமுறைக்கு வந்த விருந்தாளிகள். காலம் முடிந்த பின் பிடித்து வைத்தால் இரு தரப்புக்கும் சங்கடம்.

பரணில் கிடக்கும் அந்தப் பழைய தொட்டியை வருகிற ஐப்பசியில் இறக்குங்கள். கை உங்களுடைய அதே கைதான். விதையும் அதே விதைதான். மாற்ற வேண்டியது மாதத்தை மட்டுமே. தை மாதத்தில் மாமியார் இலையில் உங்கள் தொட்டி முள்ளங்கிச் சாம்பாரை ஊற்றும்போது, கைராசியைப் பற்றி நீங்களாக ஒன்றும் கேட்க வேண்டாம். அவரே சொல்லுவார்.