லட்சுமிதான் லக்மே!
அழகுப் பொருள்களின் பெயரைச் சொல்வது எப்படி?

கடைக்குப் போகிறோம். வேண்டிய கிரீம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆனால் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. தப்பாகச் சொன்னால் கடைப் பையன் சிரிப்பானோ என்று பயம்!

"அதைக் கொடுங்கள்" என்று விரலை நீட்டுகிறோம். வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

காசு நம்முடையது. வெட்கம் எதற்கு?

இந்தப் பெயர்களில் பல, ஆங்கிலப் பெயர்களே அல்ல. அதனால்தான் ஆங்கிலம் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

பாரிஸ் சென்ற லட்சுமி

"லக்மி" என்கிறார்கள் சிலர். "லக்மே" என்பதே சரி.

இது 1952-ல் டாட்டா நிறுவனத்தார் தொடங்கிய இந்தியக் கம்பெனி. பெயர் பிரெஞ்சு.

1883-ல் பாரிஸ் நகரில் "லக்மே" என்ற இசை நாடகம் அரங்கேறியது. கதை நடப்பது இந்தியாவில். கதாநாயகி ஓர் அர்ச்சகரின் மகள். "லட்சுமி" என்ற பெயரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் "லக்மே" என்றார்கள்.

நம் லட்சுமி பாரிசுக்குப் போய், பெயர் மாறித் திரும்பி வந்திருக்கிறாள்!

ஊமை எழுத்து

பிரெஞ்சு மொழியில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பல இடங்களில் ஒலிக்காது. நாம் "கார்னியர்" என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். அவர்கள் "கார்னியே" என்கிறார்கள்.

எல்லாப் பெயருக்கும் இது பொருந்தாது. 1909-ல் தலைச்சாயம் விற்கத் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் "லோரெயால்". இதில் கடைசி "ல்" நன்றாக ஒலிக்கும்.

இரண்டும் சரி

"நிவியா" கிரீம் 1911-ல் ஜெர்மனியில் பிறந்தது. லத்தீன் மொழியில் இதற்குப் பனி போல வெண்மையானது என்று பொருள். ஆங்கிலேயர் "நிவியா" என்கிறார்கள். ஜெர்மானியர் "நிவேயா" என்கிறார்கள். இரண்டும் சரியே.

சகோதரியின் பெயர்

கண் மையால் புகழ்பெற்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்றை "மேபெல்லைன்" என்கிறார்கள். "மேபலீன்" என்று சொல்ல வேண்டும். அதைத் தொடங்கியவர் தாமஸ் வில்லியம்ஸ். அவருடைய சகோதரியின் பெயர் மேபல். "மேபல்", "வாசலீன்" இரண்டையும் சேர்த்தார். "மேபலீன்" ஆயிற்று!

துணிந்து கேளுங்கள்

தப்பாகச் சொன்னாலும் குற்றமில்லை. தூத்துக்குடியை வெள்ளைக்காரர்கள் "டூடிகோரின்" என்றார்கள். தஞ்சாவூரை "டாஞ்சூர்" என்றார்கள். வெட்கப்பட்டார்களா?

நீங்களும் பெயரைத் துணிந்து கேளுங்கள். வேறு பொருளைக் கொடுத்தால், "இது வேண்டாம்" என்று சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பெயரைச் சொல்லத் தடுமாறினாலும் பரவாயில்லை. தேதியைப் படிக்கத் தவறாதீர்கள்!