மலையோட்டமும் கயிறு பிடிப்பவரும்

இமயமலையில் நாட்கணக்காக ஓடும் பந்தயங்களுக்கும் முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். அப்பந்தயங்களுக்கு நம் கரை கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

டார்ஜிலிங்கை அடுத்த சிங்கலீலா மலைத்தொடரில் 1991-ம் வருஷம் தொடங்கிய பந்தயத்தில், ஐந்து நாட்களில் 100 மைல் ஓட வேண்டும். முதல் நாளிலேயே மானேபஞ்சங்கிலிருந்து 24 மைல் தூரம் ஏறி, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவை அடைய வேண்டும். லடாக்கில் 2010-ல் தொடங்கிய பந்தயமோ இதனினும் கடுமையானது. இரவென்றும் பகலென்றும் பாராமல், 5,300 மீட்டருக்கு மேற்பட்ட இரு கணவாய்களைத் தாண்டி 222 கிலோமீட்டர் செல்ல வேண்டும். முதல் வருஷம் புறப்பட்டவர் மூவர், முடித்தவர் ஒருவரே. பின்னர் தூரம் 555 கிலோமீட்டர் வரை வளர்ந்தது. 2019-ல் அதனை ஓடி முடித்தார் புனேயைச் சேர்ந்த ஆஷிஷ் கசோதேகர். அக்கணவாய்களில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். இத்தகைய தீரத்தைப் போற்றாதவர் யார்?

ஆயினும் தீரம் ஒன்றே போதுமா? 2021 மே 22-ந் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 172 பேர் 100 கிலோமீட்டர் மலையோட்டத்துக்குப் புறப்பட்டனர். உயரத்தை எட்டிய வேளையில் கடுங்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் அவர்களைத் தாக்கின. காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயமாக்கப்படவில்லை. 21 பேர் மாண்டனர்; அந்நாட்டின் முதல்தர ஓட்டக்காரரும் அவர்களுள் ஒருவர். ஆறு பேரைத் தம் குகைக்குள் சேர்த்துத் தீமூட்டிக் காப்பாற்றியவர் ஓர் ஆட்டிடையர். நம் மாநிலத்திலும் 2018 மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்றோர் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையேற்றத்துக்கு அரசாங்கம் விதிகள் வகுத்தது அதன் பிறகுதான். உயிர்கள் போன பின்பே விதிகள் பிறக்க வேண்டுமா?

மூச்சை முதலாக வைத்துச் செய்யும் தொழில் நம் கரைக்குப் புதிதன்று. இங்கே அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் முடிவுற்றது. அதுவரை நமது குளியாட்கள் கல்லின்மேல் கால் வைத்து, பல பாகம் ஆழம் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி வாரினர். ஆனால் எவரும் தனியே இறங்கியதில்லை. படகிலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழே கயிறு அசைந்தால் தாமதமின்றி மேலே இழுப்பது அவர் கடமை. குளியாளின் துணிவில் பாதி அந்தக் கையில் இருந்தது.

தேசபக்தர்கள் இதனை அறிவார்கள். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்களின் பெருமையில், கலெக்டரின் தடையை மீறி வழிநெடுகச் சோறிட்ட ஜனங்களுக்கும் பங்குண்டல்லவா?

அபாயம் உள்ளதென்று பந்தயங்களையே தடுத்துவிட வேண்டும் என்போரும் உண்டு. கான்சு விபத்துக்குப் பின் சீனா அவ்வாறே நிறுத்தி வைத்தது. அதனை நாம் ஆதரிக்கவில்லை. அபாயத்தை விரும்பி ஏற்கும் வாலிபர்கள் இல்லாத தேசம் மேன்மையுறாது. ஆனால் வீரத்தின் பெயரால் பிறர் உயிரை அலட்சியம் செய்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பந்தயம் நடத்துவோர் கட்டணம் பெறும்போதே கயிற்றையும் கையில் பெறுகின்றனர். புயல் வந்தால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம், லாபநஷ்டம் பாராத ஒரு வைத்தியரிடமோ அதிகாரியிடமோ இருக்க வேண்டும். குளிருடையும் விளக்கும் இன்றி ஒருவரையும் மலையில் ஏற்றலாகாது. மூட்டை சுமக்கும் மலைவாசிகளுக்கும் அதே உடை, அதே வைத்தியம், தக்க கூலி கிடைக்க வேண்டும். இவற்றைச் சட்டமாக்குவது சர்க்காரின் பொறுப்பு.

மலையோட்டத்துக்குப் புறப்படும் நம் இளைஞர்கள், பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேட்பார்களாக: கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்? அதற்குத் தெளிவான விடை கிடைக்காத பந்தயத்தில் காலடி வைக்க மறுப்பது கோழைத்தனம் ஆகாது. முத்துக்குளித்த நம் முன்னோர், பிடிப்பவர் இல்லாத கயிற்றை நம்பி ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.