பழைய ஆம்ப்ளிஃபயருக்குத் திருகாணி ஏன் பொருந்துவதில்லை?

1950-களில் கலிபோர்னியாவிலே ஃபெண்டர் நிறுவனம் நிர்மாணித்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பழுதுபார்க்க முற்படுகிறவர், வால்வுகளுக்குக்கூட இன்றும் மாற்று கிடைப்பதைக் கண்டு மகிழ்ந்தபின், உலோகச் சட்டத்தை மரப்பெட்டியோடு பிணைக்கும் அற்பத் திருகாணிக்காகக் கடைகடையாக அலைய நேரிடுவது விசித்திரமான விஷயமே. காரணம் மரையின் பிரமாணத்தில் இருக்கிறது. உதாரணமாக, அமெரிக்க முறையில் பத்தாம் எண் திருகாணியின் விட்டம் 4.83 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 புரிகள் வீதம், புரிகளின் இடைவெளி சுமார் 0.79 மில்லிமீட்டர். இன்றைய மெட்ரிக் எம்-5 திருகாணிக்கோ விட்டம் 5, இடைவெளி 0.8. இத்தனை சூக்ஷ்மமான வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று பலாத்காரமாய் முடுக்குவோரே, என் அபிப்பிராயத்தில், பழைய சாதனங்களின் பரம சத்துருக்கள். தடித்த புதுத் திருகாணி பழைய நட்டின் மரையைச் சிதைத்துவிடும், பழைய திருகாணியோ புதிய நட்டில் தளர்ந்து நின்று, ஸ்பீக்கரின் அதிர்விலே மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

பிரிட்டனில் சங்கடம் வேறு. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான மார்ஷல் ஜே.டி.எம்-45 என்னும் ஆம்ப்ளிஃபயர், மின்சுற்றில் ஃபெண்டரின் பாஸ்மேன் மாடலையே அனுசரித்தது. ஆனால் அக்காலத்து பிரிட்டிஷ் மின்கருவிகளில் பரவலாக வழங்கியது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. அதில் இரண்டாம் எண் திருகாணி, 4.7 மில்லிமீட்டர் விட்டமும் 0.81 இடைவெளியும் கொண்டு அமெரிக்கப் பத்தாம் எண்ணைப் போலவே தோன்றினும், புரியின் கோணம் இதற்கு 47.5 பாகை, அதற்கு 60.